முகட்டில் ரக்கூன்: ஓடைக்கரையில் பழைய வீடு வாங்கியவர்களுக்கு

ஊரில் ஓட்டுக் கூரைமேல் மரநாய் ஓடும் சத்தத்தோடு வளர்ந்தவர்களுக்கு, ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் முதன்முதலாக சீலிங்குக்கு மேலே தொம்தொம் என்று நடை கேட்கும்போது பெரிய பதற்றம் வராது. மரநாய் மாதிரி ஏதோ ஒன்று, வந்த மாதிரியே போய்விடும் என்று திரும்பிப் படுப்போம். நானும் அப்படித்தான் படுத்தேன். மூன்று கிழமை கழித்து, ஏப்ரலில், கூரை வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு ஓட்டையைப் பலகை வைத்து அடைக்கச் சொன்னேன். அரை மணி நேர வேலை. அன்றிரவு மேலே மரம் கிழிபடும் சத்தம். காலையில் பார்த்தால் புல்தரையில் கூரைக்கு ஓடு மாதிரிப் பதிக்கும் ஷிங்கிள் துண்டுகள் ஏழெட்டு, கூரையோர மழைநீர்ப் பீலி முழுக்க அவற்றிலிருந்து உதிர்ந்த கறுப்பு மணல், பலகைக்கு ஓரடி தள்ளிப் புதிதாக ஓர் ஓட்டை. உள்ளே ரக்கூன் குட்டிகள் இருந்திருக்கின்றன; கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையும் வரி வாலும் உள்ள, பூனையைவிடப் பெரிய பிராணி அது. இரை தேடப் போன தாய் திரும்பி வந்து, வாசலைக் காணாமல் தனக்கு இன்னொரு வாசல் வெட்டிக்கொண்டது.

கூரைச் செலவு எனக்கு இரண்டு மடங்கானது. வரிசை தவறியதுதான் காரணம். அடைப்பது கடைசி வேலை. நான் அதை முதலில் செய்தேன்.

ஹைலன்ட் கிரீக், ரூஜ் ஆறு, டொன் ஆறு இவற்றின் பள்ளத்தாக்கை ஒட்டி 1950களிலும் 60களிலும் கட்டிய பங்களோ வீடுகள்தான் நம்மவர்கள் நிறையப் பேர் வாங்கியிருக்கும் வீடுகள். ரக்கூனுக்கு அந்த ஓடை ஒரு தெரு. இரவில் தண்ணீரோரமாக நடந்து, தவளையும் நன்னீர் இறாலும் கைவிட்டுத் துழாவிப் பிடித்துத் தின்னும். பசி அடங்காவிட்டால் மேலேறி நம் குப்பைத்தொட்டிக்கு வரும். குட்டி போடப் பெரிய மரப்பொந்து வேண்டும். பொந்துள்ள கிழட்டு மரங்கள் குறைந்துவிட்ட இடத்தில், சூடான, காய்ந்த, கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே அற்றிக் காலியாக இருக்கும் ஒரு வீட்டைவிட நல்ல பொந்து அதற்கு எங்கே கிடைக்கும்? அதுவும் அறுபது வருடத்து வீடென்றால், பனிக்காலத்தில் பீலியில் கட்டி உறைந்து தண்ணீர் பின்வாங்கிக் கூரையோரத்துப் பலகை இற்றுப் போயிருக்கும். வெளியே அலுமினியம் பளபளப்பாக இருக்கும்; உள்ளே பலகை ஊறிய ரஸ்க்.

முதலில் காது, பிறகு கண்

சத்தத்தை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம். பகலில், விடிந்து கொஞ்ச நேரத்தில் மேலே குடுகுடு என்று ஓடினால் அணில். இரவில் சுவருக்குள் மெல்லிய கீறல் என்றால் எலி. இருட்டியபின் ஓர் ஆள் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மெதுவாக நடப்பது மாதிரிக் கனமான காலடி கேட்டால் ரக்கூன். வளர்ந்தது ஐந்திலிருந்து பன்னிரண்டு கிலோ வரை இருக்கும். இலையுதிர் காலத்தில் கொழுத்தது அதற்கு மேலும் போகும். மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையில் பறவைக் குஞ்சும் பூனைக் குட்டியும் சேர்ந்து முனகுவது போல் ஒரு கீச்சொலி கேட்டால், குட்டிகள் உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வெளியே வந்து வீட்டைச் சுற்றி நடங்கள். பகல் வெளிச்சத்தில், முடிந்தால் ஒரு பைனாகுலரோடு. முதலில் பார்க்க வேண்டியது, கீழ்க்கூரை ஒன்று மேல்கூரையின் ஓரத்தைச் சந்திக்கும் மூலை. முன் போர்ட்டிகோவின் கூரையோ, பின்னால் சேர்த்துக் கட்டிய அறையின் கூரையோ இப்படி ஒரு மூலையை உண்டாக்கும். ரக்கூன் கீழ்க்கூரையில் நின்று, மேற்கூரை விளிம்பின் அடிப்பக்கத்தை மூடும் சொஃபிற் தகட்டை முதுகால் முட்டித் தூக்கும். நாலு அங்குல இடைவெளி கிடைத்தால் போதும், உடம்பை நீட்டி நுழைந்துவிடும். அடுத்தது கூரையில் காற்றுப் போக வைத்திருக்கும் பிளாஸ்டிக் வென்ற்: மூடியைப் பிடுங்கி எறிந்திருக்கும். பிறகு மூடி போடாத புகைபோக்கி, குளியலறைக் காற்றுப்போக்கி, வீட்டோடு சேர்ந்த மரத்தளமான டெக்குக்கு அடிப்பக்கம்.

வழியைக் காட்டிக்கொடுப்பது அதன் கைதான். வெள்ளை அலுமினியத்தில், வீட்டு மூலைச் செங்கலில், பீலிக் குழாயில் கறுப்பாக ஐந்து விரல் தடம் இருக்கும், சின்னப் பிள்ளை புழுதியில் விளையாடிவிட்டுக் கைவைத்த மாதிரி. எங்கள் வீட்டில் அந்தத் தடம் குழாயின் ஒரு பக்கத்தில் மேலே ஏறி, மறுபக்கத்தில் கீழே இறங்கியது. பின்னங்காலைத் திருப்பிவைத்துத் தலைகீழாக இறங்கக்கூடிய பிராணி அது. ஆக, மரக்கிளையை வெட்டிவிட்டால் ஏறாது என்பது அரைவாசி உண்மைதான். கூரையிலிருந்து இரண்டு மூன்று மீற்றருக்குக் கிளைகளை வெட்டுங்கள், தப்பில்லை. ஆனால் அதை நம்பிப் படுக்காதீர்கள்.

ஓட்டை கிடைத்தாலும் உள்ளே இப்போது ஏதாவது இருக்கிறதா என்று தெரிய வேண்டும். பழைய பேப்பரைக் கசக்கி ஓட்டையில் தளர்வாகத் திணித்து வையுங்கள். இரண்டு மூன்று இரவு கழித்தும் அசையாமல் இருந்தால் உள்ளே ஆளில்லை. ஜனவரி, பெப்ரவரிக் கடுங்குளிரில் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும். ரக்கூன் கரடியைப் போல் முழுக்க உறங்காது என்றாலும், மைனஸ் பதினைந்தில் வெளியே வராமல் நாட்கணக்காகச் சுருண்டு கிடக்கும்.

அற்றிக்குக்குள் நீங்களே ஏறிப் பார்க்கத் துடிப்பீர்கள். இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். கால் வைப்பதென்றால் மரச்சட்டத்தின் மேல் மட்டும். நடுவில் வைத்தால் கால் கீழே படுக்கையறையில் தொங்கும். மற்றது இதைவிடப் பெரியது. 1990க்கு முன் கட்டிய சில வீடுகளில், இன்சுலேஷனாக வெர்மிகுலைட் கொட்டியிருப்பார்கள். சாம்பல், பழுப்பு நிறத்தில் பளபளக்கும் சரளைக்கல் மாதிரி இருக்கும். அதில் ஆஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம். அப்படி எதையாவது கண்டால் தொடாமல், கிளறாமல், கதவை மூடிக்கொண்டு இறங்கி, பரிசோதனைக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

நாட்காட்டியைப் பாருங்கள்

ரக்கூன் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை இணையும். கர்ப்பம் ஒன்பது கிழமை, சுமார் 63 நாள். இந்தப் பக்கத்தில் ஏப்ரலை ஒட்டித்தான் அதிகம் குட்டி போடுகின்றன. வழக்கமாக மூன்றிலிருந்து ஐந்து. கண் திறக்கவே மூன்று கிழமை. தாயின் பின்னால் ஓடி வருவதற்கு எட்டுப் பத்துக் கிழமை ஆகும். ஆண் ரக்கூன் இந்தக் குடும்பத்தில் சேர்த்தி இல்லை.

இதிலிருந்து உங்கள் வேலைத்திட்டம் வருகிறது. ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை துரத்த நல்ல காலம்: குட்டிகள் நடக்கும், குளிர் வந்திருக்காது. மார்ச் முதல் ஜூலை நடுப்பகுதி வரை, உள்ளே இருப்பது தாய்தான், குட்டியும் உண்டு என்று வைத்துக்கொண்டே காரியம் பாருங்கள். அந்த நாட்களில் ஓட்டையை அடைத்தால் ஒன்று என் கதை நடக்கும். அல்லது, கூரை வலுவாக இருந்தால், குட்டிகள் பட்டினியில் செத்து, இரண்டு கிழமைக்கு வீட்டில் குடியிருக்க முடியாத நாற்றம் வரும். பகலில் வெளியே திரியும் ரக்கூனைக் கண்டு “விசர் பிடித்தது” என்று அலறுகிறவர்கள் உண்டு. பாலூட்டும் தாய் பசியில் பகலிலும் வரும். அதுமட்டும் விசர்நோய்க்கு (ரேபிஸ்) அடையாளம் இல்லை.

தானாகப் போக வைப்பது

தாய்க்கு ஒரே ஒரு வீடு இல்லை. சுற்றுவட்டாரத்தில் இரண்டு மூன்று மாற்றிடம் வைத்திருக்கும். இந்த இடம் இருட்டாக, அமைதியாக, பாதுகாப்பாக இல்லை என்று அதற்குத் தோன்றினால், குட்டிகளைக் கழுத்துத் தோலில் கவ்வி ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விடும். நாம் செய்ய வேண்டியது அந்த நினைப்பை உண்டாக்குவதுதான்.

அற்றிக் வாசலுக்குள், கூட்டுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட, சூடாகாத பிரகாசமான எல்.ஈ.டி. லைற் ஒன்றை இரவும் பகலும் எரியவிடுங்கள். பக்கத்தில் ஒரு றேடியோ. பாட்டு வேண்டாம், ஆட்கள் விடாமல் பேசும் நிலையமாக வையுங்கள். நாங்கள் நமது தமிழ் வானொலி ஒன்றைத்தான் போட்டோம். மரண அறிவித்தலும் வீட்டு விற்பனை விளம்பரமும் மூன்று நாள் தொடர்ந்து கேட்டால் மனிதரே வீட்டை விட்டுப் போய்விடுவார்கள். மூன்றாம் இரவு, பத்தரை மணிக்கு, பின்வீட்டு வேலியோரம் நின்று பார்த்தேன். தாய் பீலிக் குழாய் வழியாக இறங்கியது, வாயில் ஒரு குட்டி தொங்க. மேப்பிள் மரத்துப் பக்கம் போய், இருபது நிமிடம் கழித்து வெறும் வாயோடு திரும்பி ஏறியது. இப்படி நான்கு தடவை. அவசரப்படுத்தினால், கூச்சல் போட்டால், ரோச் லைற் அடித்தால் நடுவழியில் ஒன்றை விட்டுவிட்டுப் போகும். ஓர் இரவில் முடியாவிட்டால் அடுத்த இரவும் விடுங்கள்.

செய்யக்கூடாதவையும் உண்டு. அந்துருண்டை கொட்டாதீர்கள், அதன் புகை சீலிங் வழியாக உங்கள் பிள்ளைகளின் அறைக்குத்தான் இறங்கும். அமோனியா நனைத்த துணி அசைய முடியாத குட்டிகளின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். விஷம் வைப்பது சட்டவிரோதம். கூண்டு வைத்துப் பிடித்து, காரில் ஏற்றி, அடுத்த ஊரான பிக்கரிங்கையும் தாண்டிக் கொண்டுபோய் விடலாம் என்று ஆலோசனை சொல்லும் அண்ணைமார் ஒவ்வொரு கல்யாண மண்டபத்திலும் இருக்கிறார்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் பிடித்த ரக்கூனை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் விட வேண்டும். அதற்கு மேல் கொண்டுபோனால் சட்டத்தை மீறுகிறீர்கள், விசர்நோயையும் பரப்பக்கூடும். ஒரு கிலோமீற்றருக்குள் விட்டால் அது உங்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேரும். ஆகவே கூண்டே வேண்டாம்.

குட்டிகள் இல்லாத காலத்தில் ஒருவழிக் கதவுதான் சுத்தமான வழி. ஓட்டையின் மேல் ஸ்பிரிங் கதவுள்ள கம்பிக்கூடு ஒன்றைப் பொருத்துவார்கள். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காது. ஆனால் அதற்கு முன் மற்ற எல்லாப் பலவீனமான இடங்களும் பலப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வெளியே வந்தது அடுத்த வென்ற்றைப் பிடுங்கும்.

ஏணியில் ஏறுவது பயமென்றால், கூரை சரிவென்றால், ஆளைக் கூப்பிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எலி, கரப்பான் மருந்தடிக்கிறவரை அல்ல, வனவிலங்கு அகற்றுவதையே தொழிலாகச் செய்பவரை. போனிலேயே மூன்று கேள்வி கேளுங்கள். குட்டி இருக்கிறதா என்று உள்ளே போய்க் கையால் தேடுவீர்களா? குட்டிகளை எடுத்தால் என்ன செய்வீர்கள்? அடைத்த இடத்துக்கு எத்தனை வருட உத்தரவாதம்? நல்ல ஆள், குட்டிகளைச் சூடான பெட்டி ஒன்றில் வைத்து ஓட்டைக்குப் பக்கத்தில் கூரையிலேயே விடுவேன், தாய் வந்து எடுத்துப் போகும் என்பார். “தூரக் கொண்டுபோய் விட்டுவிடுவோம்” என்றால் போனை வையுங்கள். சில நூறு டொலரில் தொடங்கும் வேலை இது. இன்சுலேஷன் மாற்ற வேண்டி வந்தால் ஆயிரக்கணக்கில் போகும். எழுத்தில் விலை வாங்காமல் தொடங்க விடாதீர்கள். இன்ஷூரன்ஸ் கைகொடுக்கும் என்று எண்ண வேண்டாம். ரக்கூன் செய்த சேதத்தை விலக்கி வைத்த பொலிசிகள் நிறைய. உங்களுடையதை எடுத்து வாசித்துப் பாருங்கள்.

அடைப்பது

பேப்பர்ச் சோதனையை மறுபடி செய்து, காலி என்று உறுதியான பிறகு மட்டும். கோழிக்கூட்டு வலை வேண்டாம், கையால் பிய்த்துவிடும். பதினாறு கேஜ் தடிப்பில், அரை அங்குலக் கண்ணுள்ள, துத்தநாகம் பூசிய, பற்றவைத்த கம்பிவலை கேளுங்கள். ஸ்டேப்பிள் அடிக்காமல் ஸ்குரூவும் வாஷரும் போட்டு, இற்றுப்போன பலகைமேல் அல்ல, நல்ல மரத்தைத் தேடிப் பிடித்து முடுக்க வேண்டும். பலகை இற்றிருந்தால் அதை மாற்றுவதுதான் முதல் வேலை, வலை இரண்டாவது. கூரை வென்ற்களுக்கு மேல் இரும்புக் கூடு, புகைபோக்கிக்கு இரும்பு மூடி. புகைபோக்கிக்குள் சத்தம் கேட்டால் அடுப்பைப் பற்றவைத்துப் புகைக்காதீர்கள்: ஏற முடியாத குட்டிகள் அங்கேயே வேகும்.

டெக்குக்கு அடியில் என்றால், சுற்றிவர ஓரடி ஆழம் தோண்டி, வலையை இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக ஓரடி மடித்து மண் மூடுங்கள். தோண்டிப் பார்க்கிற பிராணி அந்த மடிப்பில் முட்டி நிற்கும். ஆனால் டெக்குக்கு அடியில் இருப்பது நாற்றம் பீச்சும் ஸ்கங்க்காகவும் இருக்கலாம். மூக்கு சொல்லும்.

கழிப்பிடம்: இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்

ரக்கூன் கண்ட இடத்தில் போகாது. ஓரிடத்தைத் தெரிந்தெடுத்துத் திரும்பத் திரும்ப அங்கேயே போகும்: தட்டைக் கூரை, டெக் மூலை, விறகுக் குவியல், அற்றிக்கின் ஒரு மூலை. அந்த மலத்தில் ஒரு வகை உருண்டைப் புழுவின் முட்டைகள் இருக்கலாம். மனிதருக்கு அது தொற்றுவது அரிது. தொற்றினால் மூளையையும் கண்ணையும் தாக்கும். மண்ணில் விளையாடிக் கையை வாயில் வைக்கும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். முட்டை தொற்றும் நிலைக்கு வர இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். எனவே கண்டவுடனே, புதிதாக இருக்கும்போதே எடுத்துவிடுவது பாதுகாப்பு.

கையுறை, என்95 மாஸ்க், பழைய சப்பாத்து. தூசி எழும்பாமல் முதலில் தண்ணீர் தெளித்து, தகரக் கரண்டியால் வழித்து இரண்டு பைக்குள் கட்டுங்கள். பிறகு அந்த இடத்தில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். பிளீச் இந்த முட்டையைக் கொல்லாது, கொதிநீர் கொல்லும். அற்றிக்குக்குள் கொதிநீர் ஊற்ற முடியாது என்பதால், அங்கே நிறையக் கிடந்தால் அந்த இன்சுலேஷனை அப்புறப்படுத்தும் வேலையைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

மீன் குடலும் பச்சைத் தொட்டியும்

ரொறன்ரோ நகரம் 2016 முதல், திருகிப் பூட்டும் மூடி வைத்த சமையலறைக் கழிவுக்கான புதிய பச்சைத் தொட்டிகளை வீடு வீடாகக் கொடுத்தது. ரக்கூனுக்கு எதிராகத்தான். நல்ல தொட்டி, ஆனால் திருகியைப் பூட்டினால்தானே. நமது சமையலறைக் கழிவு ரக்கூனுக்கு விருந்து: விளைமீன் தலை, நண்டுக் கோது, இறால் தோல், ஆட்டெலும்பு. எங்கள் வீட்டில் இவை ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் பிறீசருக்குள் போகும், குப்பை எடுக்கும் நாள் காலையில்தான் தொட்டிக்கு வரும். முதல்நாள் இரவே தொட்டியைத் தெருவோரம் வைக்காமல், காலை ஏழுக்கு முன் வையுங்கள்.

சனிக்கிழமை விரதத்தில் காகத்துக்கு வைக்கும் சோறு காகம் தின்னாவிட்டால் பொழுதுபட்டபின் யாருக்குப் போகிறது என்று நினைக்கிறீர்கள்? நகரம் 2023இலிருந்து வனவிலங்குகளுக்கு உணவு வைப்பதையே தடை செய்திருக்கிறது. முந்திரிகைப் (திராட்சைப்) பந்தலும் சோளமும் வைத்திருந்தால் பழுக்கும் இரவில் வந்து நிற்கும். உங்களைவிட ஒரு நாள் முந்தி அதற்குப் பழுத்தது தெரியும். செப்டெம்பரில் ரக்கூன் புல்தரையைப் பாய் மாதிரிச் சுருட்டி வைத்திருந்தால் அடியில் வெள்ளைப் புழு இருக்கிறது என்று பொருள். புழுவுக்கு மருந்து பாருங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள்

மேலே சத்தம், நீங்கள் பேஸ்மென்ற்றில் என்றாலும் சரி, முழு வீட்டிலும் என்றாலும் சரி, கூரையைத் திருத்துவது வீட்டுக்காரர் பொறுப்பு. ஒன்ராறியோ வாடகைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. “அண்ணை, மேலே ஏதோ ஓடுது” என்று வாசலில் சொன்னதோடு நிறுத்தாமல், தேதி, படம், சத்தத்தின் ஒலிப்பதிவோடு எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் நகரசபையின் 311 என்ற தொலைபேசி எண்ணை அழைத்து வீட்டுத்தரப் பரிசோதகரைக் கேட்கலாம்.

அதே 311க்குத்தான் தள்ளாடி நடக்கிற, கண் பீழை கட்டிய, ஆளைக் கண்டும் விலகாத ரக்கூனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது டிஸ்டெம்பர் நோய். நமக்குத் தொற்றாது, தடுப்பூசி போடாத நாய்க்குத் தொற்றும். விசர்நோய் அரிது, ஆனால் 2015 டிசம்பரில் ஹமில்டனில் ரக்கூன் விசர்நோய் திரும்பி வந்ததை மறக்க வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ சோப்புத் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ள வேண்டிய காரியம் அல்ல.

எங்கள் கூரை வலைக்கு இப்போது நாலு வருடம். பெப்ரவரியில் ஒருமுறை, பனி கரைந்ததும் ஒருமுறை ஏணி வைத்து ஸ்குரூக்களை முடுக்கிப் பார்ப்பேன். இந்த மார்ச்சிலும் சொஃபிற் மூலையில், வலைக்குச் சற்றுக் கீழே, புதிய கறுப்பு விரல் தடம் இரண்டு இருந்தது. துடைத்துவிட்டு, அந்தப் பக்கத்தில் இன்னும் நாலு ஸ்குரூ போட்டேன்.